புதுப்பிப்பு: இயக்குநருக்கே கணக்கைக் காட்டாத பினாங்கு மென்பொருள் நிறுவனம்

நான் இயக்குநராக இருக்கும் பினாங்கு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கே கணக்கேடுகளைக் காட்ட மறுக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

மலேசியாவின் 2016 நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவைக் காட்டி எழுதச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. கணக்குப் பதிவேடுகள் இயக்குநர்களின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது அது. கடிதத்தை நிர்வாக இயக்குநருக்கு அல்ல, நிறுவனச் செயலாளருக்கு அனுப்பினேன். சட்டம் தெரிந்த மனிதர், முணுமுணுக்காமல் வழிவிட்டார்.

எதிர்பாராதது இதுதான்: ‘சர்வர் பராமரிப்பு’ என்று மாதாமாதம் பணம் வாங்கியது நிர்வாக இயக்குநரின் மைத்துனர். பில்லில் இருந்த முகவரி பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்குமாடி வீடு! இயக்குநர் வாரியக் கூட்டக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மற்ற இயக்குநர்கள் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அதே சட்டத்தின் 311ஆம் பிரிவின்படி 10 விழுக்காட்டுப் பங்கைக் கொண்டு பங்குதாரர் கூட்டம் கோரும் வழி தேவைப்படவில்லை. பில்களைப் பார்த்ததும் வாரியமே ஒப்பந்தத்தை நிறுத்தி, வெளித் தணிக்கையாளரை அழைத்துவிட்டது.