மறு: லோகோஸ் – ஒரு சொல்லா, நான்கு சொல்லா?

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கான கிரேக்க மெய்யியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மூன்றாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். "லோகோஸ்" என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழாக்கும் இடத்தில் வண்டி அச்சு முறிந்து நிற்கிறது.

"என்னைக் கேளாமல் லோகோஸைக் கேட்டு, எல்லாம் ஒன்றே என ஒப்புவதே அறிவுடைமை" என்கிறார் பழங்கிரேக்க மெய்யியலாளர் ஹெராக்ளிட்டஸ். கணித அறிஞர் யூக்ளிடின் ஐந்தாம் நூலில் அதே சொல்லுக்குப் பொருள் விகிதம். அரிஸ்டாட்டிலிடம் அது கேட்போரை இணங்கவைக்கும் மூன்று வழிகளில் ஒன்று. யோவான் நற்செய்தியின் முதல் வரியிலும் அதுவே நிற்கிறது. இப்போதைக்குப் "பகுத்தறிவு" என்று எழுதி வைத்திருக்கிறேன். நெருடுகிறது.

செ. எழுதியது:

தம்பி, நெருடத்தான் செய்யும். லோகோஸின் வினையடி "லெகெய்ன்". பொறுக்குதல், திரட்டுதல் என்பது அதன் பழம்பொருள். எண்ணுதலும் சொல்லுதலும் அதிலிருந்து கிளைத்தவை. கிரேக்கன் தொகுக்கிறான், நீங்கள் பகுக்கிறீர்கள்! பூக்களைத் தொகுப்பதை அவர்கள் "அந்தோலோகியா" என்றார்கள். நம்மிடம் எட்டுத்தொகை இருக்கிறது. தொகை என்றால் திரட்டு. தொகை என்றால் கூட்டிவந்த எண். இலக்கணத்தில் சொற்கள் ஒட்டி நிற்பதும் தொகை. இதைவிடப் பொருத்தம் எந்த மொழியில் கிடைக்கும்? லோகோஸ் = தொகை. முடிந்தது.

வ. எழுதியது:

முடியவில்லை ஐயா. "தொடக்கத்தில் தொகை இருந்தது" என்று படிக்கும் மாணவன், வட்டி எவ்வளவு என்று கேட்பான்.

வேரைத் தோண்டினால் பொருள் கிடைத்துவிடாது. நாற்காலியின் கால்களை எண்ணிவிட்டா உட்காருகிறோம்? ஹோமரின் இரு காவியங்களிலும் சேர்த்து லோகோஸ் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டிலும் வெறும் பேச்சுதான். ஒன்று, தேவதை கலிப்சோ காவிய நாயகன் ஒடிசியஸை மயக்கப் பேசிய பசப்புமொழி. அங்கே தொகையும் இல்லை, அறிவும் இல்லை.

யோவானைப் பொறுத்தவரை நமக்கு முன்னோடிகள் உண்டு. "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்பது பழைய மொழிபெயர்ப்பு; "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்பது திருவிவிலியம். இலத்தீனிலும் இதே இழுபறிதான்: "வெர்பும்" என்று காலங்காலமாக இருந்ததை அறிஞர் எராஸ்மஸ் 1519 இல் தம் மொழிபெயர்ப்பில் "செர்மோ" என்று மாற்றி, வாங்கிக் கட்டிக்கொண்டார். தனிச்சொல்லா, தொடர்ந்த உரையா என்பதே சண்டை. என் வாக்கு "உரை"க்கு. பேச்சும் அதுவே, விளக்கமும் அதுவே. பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இ. எழுதியது:

முதலில் தலைப்பைத் திருத்துங்கள். லகரம் மொழிக்கு முதலில் வாராது. கிரந்த எழுத்தும் வேண்டாம். "இலோகொசு" என்க. பொருளுக்கு "ஏரணம்" இருக்கும்போது இத்தனை மடல்கள் எதற்கு?

வ. எழுதியது:

ஏரணம் தருக்கத் துறைக்குப் பெயராகிவிட்டதே. துறையின் பெயரையே அதன் மூலச்சொல்லுக்கும் வைத்தால், வீட்டுக்கும் தெருவுக்கும் ஒரே பெயர்.

கு. எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கல்லூரியில் இதைப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் ஒரு சொல்: கணக்கு.

சிரிக்காதீர்கள். ஏதென்ஸில் பதவிக்காலம் முடிந்த அதிகாரிகளின் வரவு செலவைச் சரிபார்த்தவர்கள் "லோகிஸ்தாய்". கிரேக்கத்தில் "லோகோஸ் கொடுப்பது" என்றால் காரணம் காட்டிப் பதில் சொல்வது. நாமும் "கணக்குக் கொடு" என்றுதானே கேட்கிறோம்? பதினெண்கீழ்க்கணக்கில் கணக்கு என்பது நூல். கணக்காயர் என்றால் ஆசிரியர். மணிமேகலையில் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் வாதிகள் "சமயக்கணக்கர்". எண், நூல், கோட்பாடு, பொறுப்பு எல்லாம் ஒரே சொல்லில் அடங்குகின்றன. "அதுதான் கணக்கு" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் ஹெராக்ளிட்டஸுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இ. எழுதியது:

கணக்கு வடமொழி வேர் என்போர் உண்டு. வேண்டுமானால் "எண்" என்று சொல்லுங்கள் அம்மா. எண்ணுதல் கணக்கிடுதலும் ஆகும், சிந்தித்தலும் ஆகும். "எண்ணென்ப ஏனை எழுத்தென்ப" என்று வள்ளுவர் சொன்னது போதாதா?

கு. எழுதியது:

நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் "எண்ணைக் கேட்டு" என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் பாதிப் பேர் தொலைபேசியை எடுப்பார்கள்.

செ. எழுதியது:

இழைக்குத் தொடர்பில்லாத ஒன்று. "அலோகோஸ்" என்றால் பகுத்தறிவற்றது, பேச்சற்றது. அதிலிருந்து வந்த "அலோகோ" இன்றைய கிரேக்கத்தில் குதிரைக்குப் பெயர்! நாம் "வாயில்லாச் சீவன்" என்பதைப் போல. கிரேக்கக் கணிதத்தில் அதே அலோகோஸ் விகிதமுறா அளவையும் குறிக்கும். குதிரையும் விகிதமுறா அளவும் ஒரே தொழுவத்தில். இன்னொன்று: உயிரியல், உளவியல் என்று எழுதும்போதெல்லாம் லோகோஸை "இயல்" என்று எப்போதோ மொழிபெயர்த்துவிட்டோம். ஒருவரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

ம. எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன் (இ. ஐயா கவனிக்க). ஒலிபெயர்ப்பாகவே விடலாம் என்று தனிமடலில் எழுதியவர்கள் நால்வர். கணக்குக்கு இருவர். தொகை, உரை, எண் ஆகியவற்றுக்கு முன்மொழிந்தவர்கள் மட்டும்.

ஆகவே ஹெராக்ளிட்டஸ் பகுதியில் "லோகோஸ்" என்றே நிற்கும், நீண்ட அடிக்குறிப்புடன். யூக்ளிடுக்கு விகிதம், அரிஸ்டாட்டிலுக்கு வாதம், யோவானுக்கு வாக்கு. பகுத்தறிவை எடுத்துவிட்டேன், அது இன்னொரு வரலாற்றைச் சுமந்து நிற்கும் சொல், ஹெராக்ளிட்டஸ் தலையில் அதை ஏற்றவேண்டாம்.

கு. எழுதியது:

நான்கு இடத்தில் நான்கு சொல் வைத்தால், கிரேக்கனுக்கு அது ஒரே சொல் என்பது அடிக்குறிப்பைப் படிப்பவருக்கு மட்டும்தான் தெரியும். என் மாணவர்கள் அடிக்குறிப்புப் படிப்பதில்லை. நூல் வரட்டும், வாங்குகிறேன். வகுப்பில் அந்த வரியைக் "கணக்கைக் கேட்டு" என்றே சொல்வேன்.

இ. எழுதியது:

அடிக்குறிப்பிலாவது "இலோகொசு" என்று இருக்கிறதா?