2009இல் வால்வை மூடியது யார்?

தொப்பூர்க் கணவாய்:
பர்கூரான் நேற்று எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக எரிவாயுக் குழாய் வந்திருந்தால் நம் அடுப்பு பாதி விலையில் எரியும். நடுவில் இருக்கும் நாடு, குழாய் தன் மண்ணைக் கடப்பதற்கு வாங்கும் கட்டண வருமானத்தை இழக்க விரும்பாது, அதனால் ஒருநாளும் வால்வை மூடாது" என்கிறார். மூடாதா? விலைக்கும் பாக்கிக்கும் ரஷ்யாவும் உக்ரைனும் அடித்துக்கொண்டு, 2009 ஜனவரி 7 அன்று உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போன வாயு முழுவதும் நின்றது. சண்டையில் சம்பந்தமே இல்லாத பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் கடுங்குளிரில் தவித்தன. 20ஆம் தேதிதான் மறுபடி ஓடியது. மூடியது உக்ரைன். நடுவில் இருந்த நாடு!

பர்கூரான்:
நுனிப்புல் மேய்ந்துவிட்டு வருகிறீர்கள். ஜனவரி 1 அன்றே உக்ரைனுக்கான வாயுவை நிறுத்தியது ரஷ்யாவின் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம். ஐரோப்பாவுக்குப் போவதையும் குறைக்கச் சொல்லி 5ஆம் தேதி புதின் தொலைக்காட்சிக் கேமரா முன்னாலேயே உத்தரவிட்டார். அனுப்புகிறவனே நிறுத்தினால் நடுவில் இருப்பவன் எதை மூடுவது? 2022இல் போர் தொடங்கிய பிறகும் ரஷ்ய வாயு உக்ரைன் வழியாக ஓடியது. குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் உக்ரைன் கட்டணம் வாங்கியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தொப்பூர்க் கணவாய்:
பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்வது உங்கள் வழக்கம். 2025 ஜனவரி 1 அன்று அந்த ஓட்டம் ஏன் நின்றது? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது உக்ரைன். கட்டணம் போனால் போகட்டும் என்று முடிவெடுத்த நாடு அது. 2009இலும் அதே கைதான். ரஷ்யா குறைக்கச் சொன்னது, தன் வாயுவை உக்ரைன் வழியில் உருவிக்கொள்கிறது என்று குற்றம் சாட்டித்தான். 7ஆம் தேதி வால்வை மூடியது யார்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பென்னாகரம் வாசகர்:
ஒரு சந்தேகம். நம் சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி., அதாவது திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. ஈரான் குழாயில் வரவிருந்தது இயற்கை வாயு. அது உர ஆலைக்கும் மின் நிலையத்துக்கும்தானே முதலில் போகும்? அடுப்பு பாதி விலையில் எரியும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

பர்கூரான்:
7ஆம் தேதி மூடியது ரஷ்யா. இன்னொரு முறை கேட்டாலும் ரஷ்யாதான். நம் குழாயைக் கெடுத்ததும் பாகிஸ்தான் இல்லை, அமெரிக்கா. மணிசங்கர் அய்யர் பெட்ரோலிய அமைச்சராக இருந்து அதற்காக அலைந்தார். 2006 ஜனவரியில் அவரைத் துறை மாற்றினார்கள். 2008இல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாம் நைசாக ஒதுங்கிக்கொண்டோம். இதெல்லாம் தற்செயலா?

தொப்பூர்க் கணவாய்:
நாம் ஒதுங்கினோம், சரி. ஒதுங்காத பாகிஸ்தான் என்ன கிழித்தது? 2013 மார்ச்சில் பாகிஸ்தான் அதிபர் ஜர்தாரியும் ஈரான் அதிபர் அகமதிநெஜாதும் எல்லையில் நின்று குழாய்க்கு விழா எடுத்தார்கள். பாகிஸ்தான் பக்கத்தில் குழாய் எங்கே? துர்க்மெனிஸ்தானிலிருந்து பஞ்சாபின் பாசில்கா வரை 1,800 கிலோமீட்டருக்கு ஒன்று வருகிறது என்று 2015 டிசம்பரில் தொடக்க விழா நடந்தது. அப்போதைய நம் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரியும் போய்வந்தார். அதோடு சரி. உங்கள் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ஒரு ரயில் வரவில்லை, ஈரான் வாயு வருமாம்!

ஓசூர் தமிழன்:
ரயிலை ஏன் இழுக்கிறீர்கள்? தர்மபுரி–மொரப்பூர் பாதைக்கு அடிக்கல் நாட்டியும் ரயில் ஓடவில்லையே, அதைப் பாருங்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கே 2008இல் பெங்களூருவில் தமிழ்ப் படம் ஓடிய திரையரங்குகளைக் கன்னட அமைப்பினர் தாக்கினார்கள். கலைஞர் திட்டத்தைத் தள்ளிவைத்தார். அது ஒரே நாட்டுக்குள்.

பர்கூரான்:
தள்ளிவைத்தும் 2013இல் தண்ணீர் வந்ததா இல்லையா? எனக்குச் சாதகமாகப் பேசியதற்கு நன்றி.

ஓசூர் தமிழன்:
நான் உங்களுக்குச் சாதகமாகப் பேசவில்லை.

அரூர் விவசாயி:
உக்ரைன் வால்வுக்கு இத்தனை பேர். நம் காட்டுக்குள் ஓடும் குழாய்க்கு ஒருவரும் இல்லை. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும், மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013இல் ஜெயலலிதா உத்தரவிட்டார். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டா நம் பெயரில்தான் இருக்கும். குழாய்க்கு மேலே கேழ்வரகு விதைக்கலாம். மா நடக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. இதற்கு அந்தச் சட்டம் தரும் தொகை நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். பாசில்காவிலும் இதே சட்டம்தான். அங்கே ஒரு விவசாயியைக் கேட்டுவிட்டா விழா எடுத்தார்கள்?

தொப்பூர்க் கணவாய்:
உங்கள் வருத்தம் நியாயம் ஐயா, தனியாக எழுதுங்கள், நானே ஆதரிக்கிறேன். இங்கே பேச்சு வேறு. பர்கூரான் இன்னும் 7ஆம் தேதிக்குப் பதில் சொல்லவில்லை.

பர்கூரான்:
இரண்டு முறை சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். 2019இல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டோம். 2023இல் சிலிகுரியிலிருந்து வங்கதேசத்துக்கு டீசல் குழாய் திறந்தோம். வால்வு நம் கையில் இருக்கிறது. மூடினோமா?

தொப்பூர்க் கணவாய்:
குழாய் வருவதற்கு முன்பு, 2015இல், எரிபொருள் லாரிகள் எல்லையில் மாதக்கணக்கில் நின்றன. நேபாளத்தில் பெட்ரோல் பங்க்குகள் காய்ந்தன. அப்போது மூடியது யார்?

பர்கூரான்:
நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மதேசிகளின் போராட்டம் அது. இந்தியா மூடவில்லை என்று வெளியுறவு அமைச்சகமே சொன்னது.

தொப்பூர்க் கணவாய்:
உக்ரைனும் நான் மூடவில்லை என்றுதான் சொன்னது. ரஷ்யாவும் அப்படித்தான் சொன்னது. நம் அமைச்சகம் சொன்னால் மட்டும் வேதவாக்கு, அப்படித்தானே?

பர்கூரான்:
அப்படியானால் உக்ரைன் மூடியது என்று நீங்கள் எதை வைத்துச் சொன்னீர்கள்?

தொப்பூர்க் கணவாய்:
பேச்சை மாற்றாதீர்கள்.

பென்னாகரம் வாசகர்:
எல்.பி.ஜி. பற்றி நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா?

ஓசூர் தமிழன்:
மொரப்பூர் பாதைக்கும் பதில் வரவில்லை, தொப்பூராரே.