புதுப்பிப்பு: கண்ணாடிக் கடையின் தமிழ் எஸ்எம்எஸ் இப்போது ஒழுங்காகப் போகிறது

சுன்னாகத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பில்லிங் மென்பொருளோடு எஸ்எம்எஸ் ஏபிஐ (மென்பொருள் தானாகவே எஸ்எம்எஸ் அனுப்ப உதவும் இணைப்பு வழி) இணைப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஒரே செய்திக்கு மூன்று செய்திக் காசு வெட்டுப்படுகிறது, சிலருக்கு இரண்டு தரம் போகிறது என்பவைதான் பிரச்சினை. இரண்டும் தீர்ந்தன.

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்துக் கொள்ளும். தமிழ் யுனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) போவதால் 70 தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரியும், துண்டுக்கு 67. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செய்திக் காசு. புள்ளியும் அரவும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு 6, கணக்கில் 11! ஆங்கில எழுத்தில் தமிழை எழுதச் சொன்னார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள், தமிழில்தான் வாசிப்பார்கள். வணக்கத்தையும் முகவரியையும் எடுத்துவிட்டு, 'உங்கள் கண்ணாடி தயார்', பில் இலக்கம், கடைத் தொலைபேசி என்று சுருக்கினோம். ஒரே துண்டில் அடங்கிவிட்டது. கடைப் பெயரில் வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது, அதனால் தொலைபேசி எண் கட்டாயம் வேண்டும்.

இரண்டு தரம் போனதற்குக் காரணம் டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்துபோவது. பதில் வரத் தாமதமானதும் மென்பொருள் திரும்ப அனுப்பியது. இப்போது பில் இலக்கத்தோடு ஒவ்வொரு செய்தியையும் பதிந்து, நிலையைக் கேட்டுப் பார்த்த பிறகே மறுபடி அனுப்புகிறோம்.

அப்புறம், 'ஏற்றுக்கொண்டோம்' என்று ஏபிஐ சொல்வது கைக்குப் போய்ச் சேர்ந்ததாகாது. போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும் டெலிவரி ரிப்போர்ட்டை வெப்ஹூக்கில் (எஸ்எம்எஸ் சேவை தானாகவே நம் மென்பொருளுக்குத் தகவல் அனுப்பும் வழி) வாங்குங்கள். போய்ச் சேராதவர்களுக்குக் கடைத் தம்பி கோல் எடுக்கிறார்.