இயர்போனும் கையடக்க அம்ப்பும் சோடி சேர்த்தல்: கண்டதையும் அளந்ததையும் எழுதுங்கோ

கொக்குவிலிலிருந்து

கையடக்க அம்ப் (இயர்போனுக்குப் போகிற சிக்னலைப் பெருக்குகிற சின்னப் பெட்டி) தேடுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மில்லிவாற்?" என்றுதான். பெரிய ஹெட்போனுக்கு அது நல்ல கேள்வி. காதுக்குள் போகிற ஐஇஎம்முக்கு முதலில் பார்க்க வேண்டியவை வேறு மூன்று: அம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (வெளியீட்டுக்கு உள்ளேயே இருக்கிற மின்தடை), அதன் அடித்தள இரைச்சல் (பாட்டு இல்லாமலும் நிற்கிற "ஸ்ஸ்"), கெய்ன் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது). ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டியில் 16 ஓம், மில்லிவாற்றுக்கு 105 டெசிபல் என்று போட்ட இயர்போன். தவிலடியின் உச்சம் 110 டெசிபலைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கோ. தொடர்ந்து கேட்டால் காதைக் கெடுக்கிற அளவு அது. அதற்கே தேவைப்படுவது 3.2 மில்லிவாற்தான். வோல்ற்றில் 0.225, மின்னோட்டம் 14 மில்லிஅம்பியர். போனில் செருகுகிற சின்ன டொங்கிள் பலவும் 1 வோல்ற் அளவில் தரும். இந்த இயர்போனை 300 மில்லிவாற் அம்ப்பில் மாட்டினால் வொலியும் குமிழ் தொடக்கத்தைவிட்டு ஒரு விரல் நுனி அளவுகூட நகராது. குமிழின் உள்ளே இருப்பது அனலொக் பொற் (திருகினால் மாறுகிற தடையி) என்றால், அந்த அடிப்பகுதியில்தான் இடம் வலம் இரண்டு தடமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. குரல் நடுவில் நிற்காமல் ஒரு காதுப் பக்கம் சாயும். இயர்போன் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவருகிற சிலவற்றில் பழுது இதுதான். கெய்னைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கோ, குமிழ் பாதிக்கு வரும், சாய்வு போய்விடும்.

இன்னொரு பொறி உணர்திறன் இலக்கம். சில பெட்டிகளில் மில்லிவாற்றுக்கு எத்தனை டெசிபல் என்று இருக்கும், சிலவற்றில் வோல்ற்றுக்கு எத்தனை என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. மாற்றுகிற வழி: 1000ஐ ஓமால் பிரித்து, அதன் மடக்கையை 10ஆல் பெருக்கிக் கூட்டுங்கோ. 16 ஓமுக்குக் கூட்ட வேண்டியது 18, 32 ஓமுக்கு 15. ஆகவே மேலே சொன்ன 105 உண்மையில் வோல்ற்றுக்கு 123. "வோல்ற்றுக்கு 112" என்று போட்ட இன்னொன்று, இலக்கம் பெரிதாக இருந்தும், அதே குமிழ் நிலையில் 11 டெசிபல் மெதுவாகத்தான் கேட்கும்.


திருநெல்வேலியிலிருந்து

கொக்குவில் அண்ணை சொன்ன மூன்றில் அதிகம் ஏமாற்றுவது வெளியீட்டு இம்பீடன்ஸ். சத்தம் குறைந்தால் காது உடனே கண்டுபிடிக்கும். ஒலியின் நிறம் மாறினால் "இந்த அம்ப் வெதுவெதுப்பாக இருக்கு" என்று மெச்சிவிட்டுப் போய்விடுவோம்.

பலன்ஸ்ட் ஆர்மச்சர் (மிகச் சின்ன டிரைவர் வகை, டிரைவர் என்பது ஒலியை எழுப்புகிற பகுதி) பல கொண்ட இயர்போனின் இம்பீடன்ஸ் ஒரே இலக்கம் இல்லை. பெட்டியில் இருப்பது 1 கிலோஹேர்ட்ஸில் எடுத்தது. உதாரணத்துக்கு ஓர் இடத்தில் 8 ஓமாகவும் இன்னோரிடத்தில் 40 ஓமாகவும் இருக்கிற ஒன்றை எடுங்கோ. 10 ஓம் வெளியீடுள்ள பழைய லப்ரொப் ஜாக்கில் மாட்டினால், 8 ஓம் இடத்தில் 7 டெசிபல் விழும், 40 ஓம் இடத்தில் 1.9 விழும். தயாரித்தவர் ரியூன் செய்ததிலிருந்து 5 டெசிபல் விலகல். ஈக்குவலைசரில் ஒரு தடியை நன்றாக இழுத்துவிட்ட மாதிரி. அதே இயர்போன் 1 ஓம் அம்ப்பில் 0.8 டெசிபல் மட்டும் விலகும், அரை ஓமில் 0.4. இயர்போனின் ஆகக் குறைந்த இம்பீடன்ஸில் எட்டில் ஒன்றுக்கு மேல் அம்ப் இருக்கக் கூடாது என்ற விதி இங்கிருந்துதான் வந்தது.

ஒரே டைனமிக் டிரைவர் (சுருளும் சவ்வும் கொண்ட வழக்கமான வகை) உள்ளதும் பிளேனரும் (தட்டைச் சவ்வு வகை) இவ்வளவு பாடுபடுத்தாது. அவற்றின் இம்பீடன்ஸ் கோடு ஏறத்தாழ மட்டமாகப் போகும், 10 ஓமில் எல்லாம் சேர்ந்து ஒரே அளவு குறையும், குமிழைத் திருப்பினால் சரி. வெளியீட்டு இம்பீடன்ஸ் தெரியாத அம்ப்பா, அதற்குத் தனி டைனமிக் இயர்போனே பாதுகாப்பான சோடி.

தடையியைச் சேர்த்து ஒலியின் நிறத்தை வேண்டுமென்றே மாற்றிய பெயர்பெற்ற உதாரணமும் உண்டு. எற்றிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்4பி இயர்போன் 27 ஓம். அதற்கு 75 ஓம் அடப்ரர் போட்டால் ஈஆர்4எஸ் ஆகிவிடும். டிரைவர் ஒன்றுதான்.

அளக்கிற முறை: 400 ஹேர்ட்ஸ் சைன் அலைக் கோப்பை அரைவாசி வொலியுமில் ஓடவிடுங்கோ. ஜாக்கின் முனைக்கும் அடிக்கும் (இரண்டு தடத்துக்கும் பொதுவான இணைப்பு) இடையில் ஏசி வோல்ற்றை அளந்து குறியுங்கோ. பிறகு அதே இடத்தில் 33 ஓம் தடையி ஒன்றைக் குறுக்கே போட்டுத் திரும்ப அளவுங்கோ. முதல் அளவை இரண்டாவதால் பிரித்து, 1ஐக் கழித்து, 33ஆல் பெருக்கினால் விடை. முதலில் 0.500, பிறகு 0.455 என்றால் 3.3 ஓம். 2 வோல்ற் ஏசி நிலை உள்ள மீற்றர் வேண்டும். மலிவான மஞ்சள் மீற்றர்களில் ஏசி 200 வோல்ற்றில்தான் தொடங்கும், இந்த வேலைக்கு உதவாது. அளக்கிற நேரம் இயர்போனைக் கழற்றி வையுங்கோ.


சாவகச்சேரியிலிருந்து

ஐஇஎம்முக்கு மில்லிவாற்றை முதலில் பார்க்கத் தேவையில்லை என்று மேலே எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு: பிளேனர் ஐஇஎம். 15 ஓம், மில்லிவாற்றுக்கு 94 டெசிபல் என்று வந்தால், அதே 110 டெசிபலுக்கு 40 மில்லிவாற் வேண்டும், 0.77 வோல்ற், 52 மில்லிஅம்பியர். வோல்ற் பெரிதில்லை, மின்னோட்டம்தான் சின்ன டொங்கிளை மடக்கும். அடையாளம் என்னவென்றால், மெதுவாகக் கேட்கும்போது ஒரு குறையும் தெரியாது, சத்தத்தைக் கூட்டினால் தவிலின் தொப்பியடியில் (தாழ்ந்த ஒலி தருகிற பக்கம்) மட்டும் வெடிப்பு வரும், குரல் சுத்தமாகவே இருக்கும். இங்கே மில்லிவாற்றைப் பாருங்கோ, அதுவும் 16 ஓமில் எத்தனை என்று. 32 ஓமில் கொடுத்த இலக்கத்தை இரட்டித்துக் கணக்குப் போட முடியாது, மின்னோட்ட எல்லை அதற்கு முதலே வந்துவிடும்.


இணுவிலிலிருந்து

இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் கேட்பது பழைய நாதஸ்வர, தவில் கச்சேரிப் பதிவுகள். அவற்றில் நாடா இரைச்சல் ஏற்கெனவே இருக்கு. அம்ப்பின் "ஸ்ஸ்" அதோடு கலந்துவிடும். பிரித்தறிய: பாட்டு ஓடும்போது இரைச்சலைக் கவனித்து, குமிழைக் குறையுங்கோ. இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து குறைந்தால் அது பதிவில் உள்ளது. பாட்டுக் குறைந்தும் இரைச்சல் அப்படியே நின்றால் அம்ப்பினது. பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்ப்பது நம்பகமில்லை. பல டொங்கிள்கள் சிக்னல் இல்லாதபோது வெளியீட்டைத் தாங்களாகவே மூடிவிடும், சுத்தமான அம்ப் என்று நம்பிவிடுவீர்கள்.

அம்ப்பின் இரைச்சல் 5 மைக்ரோவோல்ற் என்று எடுங்கோ. வோல்ற்றுக்கு 112 டெசிபல் இயர்போனில் அது 6 டெசிபல், காதுக்கு எட்டாது. வோல்ற்றுக்கு 130 உள்ள இயர்போனில் 24 டெசிபல். ராத்திரி காற்றாடியை நிறுத்திவிட்டுக் கேட்டால் தெளிவாக இருக்கும். அதே அம்ப்தான். ஆகவே "இந்த அம்ப் இரையும்" என்று ஒருவர் எழுதினால், எந்த இயர்போனில் என்று கேளுங்கோ.

இரைகிற அம்ப்பை மாற்ற முடியாவிட்டால் நான்கு தடையியில் ஒரு தணிப்பான் கட்டலாம். ஒரு தடத்துக்கு: அம்ப் பக்கத்து முனையிலிருந்து 10 ஓம் தொடராக, அது முடிகிற இடத்திலிருந்து அடிக்கு 1 ஓம். இயர்போன் அந்த 1 ஓமுக்குக் குறுக்கே வரும். மற்றத் தடத்துக்கும் அதே. கால் வாற் தடையி போதும். சத்தமும் இரைச்சலும் சேர்ந்து 21 டெசிபல் இறங்கும், இயர்போன் காண்கிற இம்பீடன்ஸ் 0.9 ஓம் ஆகும். இறங்கிய சத்தத்தைக் குமிழால் மீட்டெடுப்பீர்கள், இரைச்சல் கீழேயே நிற்கும். கொக்குவில் அண்ணை சொன்ன குமிழ்ச் சாய்வும் இதிலேயே தீரும்.

பிழைக்கிற இடங்கள் இரண்டு. 10 ஓமையும் 1 ஓமையும் இடம் மாற்றிப் போட்டால் 1 டெசிபல் அளவுதான் தணியும். கட்டியவர் தடையியைக் குறை சொல்வார். மற்றது, அம்ப்புக்கு இப்போது 11 ஓம் சுமை. இயர்போனுக்கு 0.1 வோல்ற் வேண்டுமானால் அம்ப் 1.1 வோல்ற்றும் 100 மில்லிஅம்பியரும் தர வேண்டும். மெலிந்த டொங்கிளுக்கு அது கூடாது. அதற்கு 22 ஓமும் 2.2 ஓமும் போடுங்கோ. தணிப்பு ஏறத்தாழ அதேதான், வெளியீடு மட்டும் 2 ஓம் ஆகிவிடும். பல ஆர்மச்சர் இயர்போன் என்றால் திருநெல்வேலித் தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கோ.


அளவெட்டியிலிருந்து

தடையி, சோல்டர் என்று வந்துவிட்டதால் சீமோய் அம்ப்பையும் சொல்லிவிடுகிறேன். சூ மோய் வரைந்த அந்தச் சின்னச் சுற்றை 9 வோல்ற் பற்றறியில் இன்னும் பலர் கட்டுகிறார்கள். மூல வடிவில் உள்ளீட்டில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, 100 கிலோஓம் தடையி, கெய்னுக்கு 1 கிலோஓமும் 10 கிலோஓமும். கெய்ன் 11. ஐஇஎம்முக்கு அது மிக அதிகம். 10 கிலோஓமை எடுத்துவிட்டு 2 கிலோஓம் போட்டால் கெய்ன் 3, இரைச்சலும் அதோடு இறங்கும்.

பெரிய ஆபத்து ஐசியை மாற்றுவதில். அதில் போடுகிற ஓபிஏ2134 ஐசி கிடைக்காவிட்டால் கடையில் என்ஈ5532ஐ நீட்டுவார்கள். கால் அமைப்பு ஒன்றுதான், செருகினால் பாடும். ஆனால் அதன் உள்ளீட்டில் 200 நானோஅம்பியர் அளவில் மின்னோட்டம் ஓடும். 100 கிலோஓமில் அது 20 மில்லிவோல்ற், கெய்ன் 11இல் பெருகி வெளியீட்டில் 220 மில்லிவோல்ற் டீசி. 16 ஓம் இயர்போனுக்குள் 14 மில்லிஅம்பியர் இடைவிடாமல் ஓடும். மென்மையான டிரைவரின் டயபிரம் ஒரு பக்கம் தள்ளப்பட்டே நிற்கும், நாளடைவில் சுருள் போகலாம். ஓபிஏ2134இன் உள்ளீடு ஃபெற் வகை, அதில் இந்தப் பிரச்சினை இல்லை.

எந்த அம்ப் கட்டினாலும், பழசு வாங்கினாலும், இயர்போன் செருக முதல் மீற்றரை 200 மில்லிவோல்ற் டீசியில் வைத்து முனைக்கும் அடிக்கும், வளையத்துக்கும் அடிக்கும் அளவுங்கோ. 5க்குக் கீழே நல்லது. 20க்கு மேலே என்றால் செருக வேண்டாம். மஞ்சள் மீற்றர் இதற்குத் தாராளம்.

தகரப் பெட்டியில் கட்டுபவர்களுக்கு: ஜாக்கின் அடி, பற்றறியின் நெகற்றிவ் இல்லை, பற்றறி வோல்ற்றைப் பாதியாகப் பிரிக்கிற நடுப்புள்ளி. சார்ஜர் துளையின் உலோகமும் ஜாக்கின் உலோகமும் ஒரே தகரத்தைத் தொட்டால் நடுப்புள்ளி நெகற்றிவோடு குறுக்குச் சுற்றாகிவிடும். ஒன்றைப் பிளாஸ்ரிக் வளையத்தால் பிரித்து வையுங்கோ.


நல்லூரிலிருந்து

4.4 மில்லிமீற்றர் பலன்ஸ்ட் துளை உள்ள அம்ப்பில் 3.5 மில்லிமீற்றர் பின் உள்ள இயர்போனை அடப்ரர் வைத்துச் செருகலாமா?


திருநெல்வேலியிலிருந்து

கூடவே கூடாது. 3.5 பின்னில் இடம் வலம் இரண்டினதும் நெகற்றிவ் ஒன்றாகச் சேர்ந்திருக்கு. பலன்ஸ்ட் அம்ப்பில் அவை இரண்டும் தனித்தனி ஓடுகிற வெளியீடுகள். சேர்த்தால் ஒன்றையொன்று முட்டி அம்ப் எரியலாம். தலைகீழாகச் செய்வதில் பயமில்லை: 4.4 கேபிள் உள்ள இயர்போனை அடப்ரரால் 3.5 துளையில் போடலாம். ஐஇஎம்முக்கு பலன்ஸ்ட் துளையைத் தேடிப் போக வேண்டிய தேவையும் குறைவு. பல அம்ப்களில் அந்தத் துளையின் வெளியீட்டு இம்பீடன்ஸ் இரட்டிப்பு.


பருத்தித்துறையிலிருந்து

எல்லாரும் அம்ப்பையே எழுதுகிறீர்கள். கரையோரத்தில் முதலில் போவது இணைப்பு. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து 0.78 மில்லிமீற்றர் இரண்டு பின்னிலும் எம்எம்சிஎக்ஸ் வளையத்திலும் (கேபிளை இயர்போனில் செருகுகிற இரண்டு வகை இணைப்பு) பச்சை பிடிக்கும். ஒரு காது விட்டுவிட்டு வரும், திருகினால் திரும்ப வரும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பல்துலக்கித் தூரிகையால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கோ. அரிசிப் பானைக்குள் போட வேண்டாம், மா தூசு வலைக்குள் போகும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பைக்கற் இரண்டோடு மூடிய போத்தலில் வையுங்கோ.

ஒரு காது மெதுவாகக் கேட்டால், கேபிளை இடம் வலம் மாற்றிப் போடுங்கோ. குறை கேபிளோடு நகர்ந்தால் கேபிள் அல்லது அம்ப். அதே இயர்போனிலேயே நின்றால் முனையில் உள்ள வலையில் ஈரமோ காதழுக்கோ அடைத்திருக்கு. ஊசியால் குத்தக் கூடாது, வலை உள்ளே போய்விடும். முனையைக் கீழே பார்க்கப் பிடித்துத் துடைத்து, ஒரு ராத்திரி சிலிக்காவோடு விடுங்கோ.

திரும்பப் பூட்டும்போது இரண்டு பின்னில் ஒன்றைத் தலைகீழாகச் செருகிவிட்டால் நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றிக் கரைந்து போகும், பேஸ் மெலியும். அம்ப் மாற்றியதால் வந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கத்துப் பின்னை மட்டும் திருப்பிப் போட்டால் குரல் நடுவுக்கு வந்துவிடும்.

கடைசியாக ரிப் (காதுக்குள் போகிற மென்மையான முனை உறை). கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடைக்குள் நின்று கேட்டு முடிவெடுக்கும்போது கடையின் பொது ரிப்பில் கேட்காதீர்கள். உங்கள் காதுக்குப் பொருந்துகிற அளவை வீட்டிலிருந்து கொண்டுபோங்கோ. காதை மேலே இழுத்து, வாயைத் திறந்தபடி செருகுங்கோ. சரியாக அடைத்தால் வெளியே போகிற மோட்டார்சைக்கிள் சத்தம் குறையும், தவிலில் தொப்பியின் அடி கேட்கும். வலந்தலை மட்டும் பளிச்சென்று கேட்டுத் தொப்பி காணாமல் போனால் காற்றுக் கசிகிறது. அந்த நிலையில் எந்த அம்ப்பின் பேஸ் பூஸ்டும் அதைத் திருப்பிக் கொண்டுவராது, ஓரளவு பெரிய ரிப் கொண்டுவரும்.