மருதாணி இட்ட தலைமுடிக்கு எந்தப் புருவச் சாயம் பொருந்தும்?

சத்துவாச்சாரி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். ஆவணியில் குடியாத்தத்தில் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். நான் மாநிறம். பல ஆண்டுகளாகத் தலைக்கு மருதாணி மட்டுமே இட்டு வருவதால் நரைத்த முடிகள் செம்பட்டையாகவும் மற்றவை கருப்பாகவும் இருக்கின்றன. புருவத்தில் மூக்கை ஒட்டிய முனையில் நரைமுடிகள் தடித்து விறைப்பாக நிற்கின்றன. வால் பகுதியில் முடி மிகவும் மெலிந்துவிட்டது. டின்ட் (புருவச் சாயம்) போடலாம் என்று சொன்ன பார்லரில் கருப்பே எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். முகம் கடுமையாகத் தெரியுமோ என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எந்த நிறம் பொருந்தும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

காந்தி நகர் அழகுக்கலைஞர்:
அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. டின்ட் முடியை மட்டுமல்லாமல் அடியில் உள்ள தோலையும் சில நாட்களுக்குக் கறையாக்கும் என்பதால், முடி மெலிந்த இடத்தில் முழுக் கருப்பைப் போட்டால் மையால் வரைந்த பட்டை போலத்தான் தெரியும். இயல்பான புருவத்தில் முடிகளுக்கு நடுவே தோல் தெரிவதால்தான், தலைமுடி எவ்வளவு கருப்பாக இருந்தாலும், புருவம் அதைவிடச் சற்று மென்மையாகத் தோன்றுகிறது.

நீலம் கலந்த கருப்பான ப்ளூ பிளாக்கைத் தொடவே வேண்டாம். மஞ்சள் சாயல் கொண்ட மாநிறத்தில் அது சாம்பல் பூத்தது போல இருக்கும். செம்பட்டைக்கு இணையாக இருக்கட்டும் என்று செம்பழுப்பான செஸ்நட்டை மட்டும் போடுவதும் சரியாக வராது. நரைமுடியில் இயற்கை நிறமி இல்லாததால் சாயத்தின் செம்மை அப்படியே மேலே தெரியும். உங்களுக்கு நான் நேச்சுரல் பிரவுன் மூன்று பங்கு, பிளாக் ஒரு பங்கு என்று கலந்து அடர் பழுப்பாக்கித்தான் போடுவேன். கலக்குவதற்கு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். தலைமுடிச் சாயத்துக்கு வைத்திருக்கும் அதிக வீரியமுள்ள டெவலப்பரை (சாயத்தோடு கலக்கும் பெராக்சைடை) கண்ணுக்கு அருகில் கொண்டுவர விடாதீர்கள்.

போடும் வரிசையையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக வாலில் தொடங்கி முன்முனையில் முடிப்போம். முன்பக்கம் வெளிறி இருந்தால்தான் முகம் சாந்தமாகத் தெரியும். ஆனால் உங்களுக்கு நரை முன்முனையிலேயே இருக்கிறது, நரையோ சாயத்தை மெதுவாகத்தான் பிடிக்கும். ஆகவே மெல்லிய தூரிகையால் அந்த நரைமுடிகளை மட்டும் முதலில் தோலில் படாமல் தடவிச் சில நிமிடம் விட்டு, அதன்பிறகே மற்ற இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். திரெட்டிங் செய்த கையோடு டின்ட் போட்டால் எரியும். டின்ட்டை முதலில் போட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளுங்கள். தோலில் பட்ட கறை தணிய வேண்டுமாதலால், முகூர்த்தத்துக்கு நான்கைந்து நாள் முன்னதாகப் போடுவது நல்லது.

ராணிப்பேட்டை அக்கா:
ஒரு புருவத்தில் அடர் பழுப்புப் பென்சிலும் மற்றதில் கருப்புப் பென்சிலும் தீட்டி, காலை வெளிச்சத்தில் வாசலில் நின்று வீட்டில் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். எது பொருந்துகிறது என்று உடனே தெரிந்துவிடும். தோலின் சாயலை அறிய மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் வழி நம் மாநிறத்தில் பெரும்பாலும் தெளிவாகத் தெரிவதில்லை.

ஆற்காடு மருந்தாளுநர்:
நிறத்துக்கு முன்பு ஒவ்வாமையைப் பார்த்துவிடுங்கள். தலைமுடிச் சாயத்தைப் புருவத்துக்கோ இமைக்கோ பயன்படுத்தினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை நம் நாட்டுச் சாயப் பெட்டிகளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பாரா-ஃபினைலின்டையமின் என்ற சாய வேதிப்பொருள் கலந்த ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயத்தால் அமெரிக்காவில் 1930களில் பெண்கள் பார்வை இழந்தார்கள்; அழகுப் பொருட்களையும் கட்டுப்படுத்தும் 1938ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். புருவத்துக்கென்றே விற்கும் டின்ட்களிலும் அந்த வேதிப்பொருளோ அதற்கு நெருங்கிய சாயப் பொருளோ இருக்கலாம். எனவே போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே, அதே கலவையைக் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்று கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விசேஷத்தில் கருப்பு மருதாணிக் கோன் வைத்துக்கொண்டபோது, கோலம் இருந்த இடம் முழுவதும் தடித்துக் கொப்புளமாகியது. பரிசோதனை செய்துவிட்டு நான் டின்ட் போடலாமா?

ஆற்காடு மருந்தாளுநர்:
வேண்டாம் அம்மா, பார்லரில் பரிசோதனையும் செய்ய வேண்டாம். அப்படிப்பட்ட கோன்களில் பெரும்பாலும் கலந்திருப்பது அதே பாரா-ஃபினைலின்டையமின்தான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை அது இன்னும் கடுமையாக வரலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

காந்தி நகர் அழகுக்கலைஞர்:
நானும் அதையே சொல்கிறேன். நிறம் அதே அடர் பழுப்பாக இருக்கட்டும், பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மேக்கப் ரிமூவரால் துடைத்தால் போய்விடும் வாட்டர்ப்ரூஃப் புருவ ஜெல்லில் அந்த நிறம் கிடைக்கும். முதலில் நரைமுடிகளின் மேல் எதிர்த்திசையில் ஒருமுறை சீவி, பிறகு முடியின் போக்கிலேயே சீவிவிட்டால் விறைத்த முடிகளும் படிந்துவிடும். வால் பகுதிக்கு அதே நிறப் பென்சிலால் முடி முடியாகக் கோடிட்டால் போதும். ஆவணியிலும் நம் ஊரில் வேர்க்கும் என்பதால், முகத்தைத் துடைக்கும்போது புருவத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.