ஏழு வயதாகியும் வாக்கியம் சேரவில்லை: இது அறிவுக் குறையா, மொழிக் குறையா?

சுங்கை சிப்புட் மாமா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். என் தங்கை மகனுக்கு ஏழு வயதாகிறது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். இரண்டரை வயதுக்குப் பிறகுதான் முதல் சொல்லே வந்தது. அப்பா வழியில் எல்லோரும் தாமதமாகப் பேசியவர்கள்தான், தானாகச் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவினார் அவன் பாட்டி. இப்போது பேசுகிறான், ஆனால் சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன.

நேற்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. யாரையும் கூப்பிடாமல் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குச்சியால் சங்கிலியைத் தூக்கிப் பல்சக்கரத்தில் மாட்டி, மிதியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு எழுந்தான். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “இது... இப்படி... போடு, சுத்து, சரி” என்றான். “அண்ணன் உனக்குச் சொல்லிக் கொடுத்தானா, நீ அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தாயா?” என்று கேட்டதற்கு என் முகத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஆமாம்” என்றான்.

பள்ளியில் அவனை மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். சைக்கிளைப் பழுது பார்க்கும் பிள்ளை மந்தமாக இருப்பானா என்று எனக்குப் புரியவில்லை. மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியுமா? ஒரு தனியார் கிளினிக்கில், வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி இருப்பதால்தான் குழம்புகிறான், தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்றார்கள். பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது; அவனை வளர்ப்பவரும் அவர்தான். விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

ஈப்போ பேச்சுச் சிகிச்சையாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. பிள்ளையை நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் எழுதிய அந்த ஒரு காட்சியில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் செவிப் பரிசோதனை. அழைத்தால் திரும்பிப் பார்க்கிறான் என்பதை வைத்துக் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் பேச்சு மங்கலாகக் கேட்கும். சொல்லின் கடைசியில் மெல்ல ஒலிக்கும் உருபுகள்தாம் முதலில் தவறிப்போகும். எந்த மதிப்பீடும் இதற்குப் பிறகுதான்.

காதில் குறையில்லை, மதியிறுக்கம் (ஆட்டிசம்) போன்ற வேறு காரணமும் இல்லை, ஆனாலும் மொழியைப் புரிந்துகொள்வதும் பேசுவதும் அன்றாட வாழ்வையும் படிப்பையும் தடுக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கிறது, தானாகச் சரியாகும் அறிகுறியும் தெரியவில்லை என்றால், அதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, சுருக்கமாக டி.எல்.டி., என்கிறோம். முன்பு இதற்குப் பல பெயர்கள் இருந்தன. டோரதி பிஷப் என்ற பிரிட்டன் உளவியலாளர் முன்னின்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்களின் கருத்தை ஒன்று திரட்டியதில், 2016, 2017ஆம் ஆண்டுகளில்தான் இந்தப் பெயர் முடிவானது. இது அரிதான நிலையும் அல்ல. இங்கிலாந்தில் பள்ளி தொடங்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேலாக இதைக் கண்டது. அந்தக் கணக்கில் முப்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை நாம் சோம்பேறி என்றோ மந்தம் என்றோ சொல்லிக்கொண்டிருப்போம்.

உங்கள் கேள்விக்கு அவன் ‘ஆமாம்’ என்றது ஏன் என்று பாருங்கள். ‘அண்ணன் உனக்கு’, ‘நீ அண்ணனுக்கு’ என்ற இரண்டிலும் ஆட்கள் அவர்களே. யார் சொன்னது, யார் கேட்டது என்பதை ‘கு’ என்ற ஓர் உருபுதான் பிரித்துக் காட்டுகிறது. ‘நாய் துரத்திய பூனை’, ‘நாயைத் துரத்திய பூனை’ என்பவற்றையும் இப்படியே பார்க்கலாம். ஒரு ‘ஐ’ வந்ததும் ஓடுவதும் துரத்துவதும் இடம் மாறிவிடுகின்றன. கேட்கும் பிள்ளை அந்தச் சிறு ஒலியைப் பிடித்து, வாக்கியம் முடியும் வரை மனத்தில் வைத்திருந்து, பிறகு யார் யாரை என்று தீர்க்க வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் அவ்வளவு நேரமும் மற்றவற்றைச் சுமந்திருக்க வேண்டும். இந்தச் சுமையில்தான் டி.எல்.டி. பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். பொருளில்லாத ஒரு நீண்ட சொல்லைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்வது இவர்களில் பலருக்குக் கடினமாக இருப்பதை உளவியலாளர்கள் கேதர்கோலும் பேட்லியும் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒலிகளைச் சில நொடி நேரம் மனத்தில் நிறுத்திவைக்கும் திறனை அது சோதிக்கிறது.

எனவே சைக்கிளைப் பழுது பார்க்கும் அறிவும் வாக்கியத்தைத் தொடுக்கும் திறனும் மூளையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் இரண்டும் ஒன்றே அல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் எழுதியது:

பேச்சுச் சிகிச்சையாளர் அம்மா சொன்னதைப் படித்ததும் என் மனம் கனத்துவிட்டது. நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் கற்பித்தவன். இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். எட்டிலிருந்து மூன்றைக் கழி என்று கரும்பலகையில் எழுதினால் உடனே ஐந்து என்பான். அதையே, “கமலாவிடம் எட்டு மாங்காய்கள் உள்ளன, ரவியிடம் அவளைவிட மூன்று குறைவாக உள்ளன, ரவியிடம் எத்தனை?” என்று கேட்டால் பதினொன்று என்பான், அல்லது பேசாமல் நிற்பான். கணக்குத் தெரிந்தும் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறான் என்று எண்ணி வகுப்பின் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். ‘அவளைவிட’ என்ற சொல்லில்தான் அவன் சிக்கிக்கொண்டான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பாசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், அவன் எந்த இடத்தில் நின்றுவிடுகிறான் என்பதை எழுதிக் கொடுங்கள். “கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் பத்தாம் பக்கத்தைத் திற” என்று ஒரே மூச்சில் சொல்வதை மூன்றாகப் பிரித்துச் சொன்னால் செய்கிறானா என்று பார்க்கச் சொல்லுங்கள். செய்தால் அவரே புரிந்துகொள்வார். கணக்கைப் படமாக வரைந்து கொடுப்பதும் பயன்படும்.

கோலகங்சார் அம்மா எழுதியது:

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. தமிழை நிறுத்துங்கள் என்ற இதே அறிவுரை அவளுக்கும் கிடைத்தது. நாங்கள் தமிழை நிறுத்தினோம். எனக்கும் கணவருக்கும் தெரிந்த ஆங்கிலம் வேலை இடத்து ஆங்கிலம். அதில் சோறு, பள்ளி, தூங்கு என்பதற்கு மேல் எங்களால் ஒரு கதை சொல்ல முடியவில்லை. கோபத்தையும் கொஞ்சலையும் காட்ட முடியவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோனது. என் மாமியார் அவள் தலையை வாரிவிடுவார். முன்பெல்லாம் வாரும்போது தோட்டத்துக் கதைகள் சொல்லிக்கொண்டே இருப்பார், பிறகு சீப்பின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு ஆண்டுகள் போயின. அவளுடைய ஆங்கிலமும் வளரவில்லை, இருந்த தமிழும் தேய்ந்தது. பிறகு வந்த சிகிச்சையாளர் தமிழுக்குத் திரும்பச் சொன்னார். திரும்பினோம், ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் மாமியார் தவறிவிட்டார். தயவு செய்து பாட்டியிடமிருந்து அந்தப் பிள்ளையைப் பிரிக்காதீர்கள்.

சுங்கை சிப்புட் மாமா எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவை என் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். சிகிச்சையாளர் அம்மாவிடம் இரண்டு விவரம் மட்டும் கேட்கிறேன். பல மொழியால் இது வருவதில்லை என்று உறுதியாகச் சொல்லலாமா? மூளையில் உண்மையில் என்னதான் வேறுபடுகிறது? ஸ்கேனுக்குப் பணம் கட்டவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

ஈப்போ பேச்சுச் சிகிச்சையாளர் எழுதியது:

உறுதியாகச் சொல்லலாம் ஐயா. பல மொழிச் சூழல் டி.எல்.டி.யை உண்டாக்குவதில்லை. டி.எல்.டி. இருந்தால் அது பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். மலாயில் மட்டும் திணறித் தமிழில் வயதுக்கேற்பப் பேசுகிற பிள்ளைக்கு மலாய்ப் பழக்கம் போதவில்லை என்றே பொருள். ஆகவே மதிப்பீட்டின்போது தமிழிலும் சோதிக்கும்படி கேளுங்கள். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீங்களோ பாட்டியோ உடன் இருந்து உதவலாம்.

மூளையைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் பேச முடியாத ஒரு நோயாளி இறந்த பின் அவர் மூளையை ஆராய்ந்து, இடது முன்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர், பேச்சைப் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய பகுதி இடப்பக்கத்தில் இன்னும் பின்னால் இருப்பதை விளக்கினார். இவற்றைக் கேள்விப்பட்டவர்கள், பேசாத பிள்ளையின் மூளையிலும் அப்படி ஓர் இடம் பழுதாகியிருக்கும் என்று நினைக்கிறார்கள். டி.எல்.டி. அப்படிப்பட்டதல்ல. பிறக்கும் தறுவாயில் பக்கவாதம் வந்து இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள்கூடப் பலர் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். வலப்பக்கம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. டி.எல்.டி.யில் ஓரிடத்துச் சிதைவு கிடையாது. மூளை உருவாகும்போதே அதன் இணைப்புகள் சற்று வேறுவிதமாக அமைகின்றன. ஆய்வாளர்கள் மைக்கேல் அல்மனும் எலிசபெத் பியர்பான்ட்டும் 2005இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். சைக்கிள் ஓட்டப் பழகுவதைப் போல, விதியைச் சொல்லித் தராமலே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகும் கற்றலை மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்கள் கவனிக்கின்றன, இலக்கணமும் அவ்வழியே படிவதால் அங்கே வேறுபாடு இருந்தால் உருபுகளும் விகுதிகளும் எளிதில் படிவதில்லை என்பது அவர்கள் விளக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் நடக்கிறது; உங்கள் மருமகன் சைக்கிளில் தேர்ந்தவனாக இருப்பதை இதற்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா வழியில் எல்லோரும் தாமதமாகப் பேசினார்கள் என்றீர்களே, அதைச் சிகிச்சையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. 2001இல், பேச்சுக் குறை தொடர்ந்து வந்த ஒரு லண்டன் குடும்பத்தை ஆராய்ந்து ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவைக் கண்டபோது மொழிக்கான மரபணு கிடைத்துவிட்டது என்று செய்திகள் வந்தன. ஆனால் அந்த மரபணுவில் ஏற்படும் மாற்றம் மிக அரிது. பெரும்பாலான பிள்ளைகளிடம் சிறுசிறு தாக்கமுள்ள பல மரபணுக்கள் சேர்ந்தே இதற்கு வழி செய்கின்றன. தங்கையோ மைத்துனரோ இதற்காகத் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த வேறுபாடுகள் பல பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒப்பிடும்போது தெரிபவை. ஒரு பிள்ளையின் ஸ்கேன் படத்தைப் பார்த்து டி.எல்.டி. என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பணத்தைச் சிகிச்சைக்குப் போகும் பயணத்துக்கு வைத்திருங்கள். ஆனால் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தாலோ வலிப்பு வந்தாலோ அது வேறு விஷயம்; உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்கிறேன். அவன் “மாமா கடை போ” என்றால் தவறு என்று திருத்தாதீர்கள், திருப்பிச் சொல்லவும் வற்புறுத்தாதீர்கள். “ஆமாம், மாமா கடைக்குப் போனார்” என்று, ‘கு’வைச் சற்று அழுத்தி, நீங்கள் முழுமையாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஒரு நாளில் பல முறை இப்படிக் கேட்க வேண்டும். இதைப் பாட்டியால் மிக நன்றாகச் செய்ய முடியும்.

ஓ.கே.யூ. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுக்கச் சொல்வார்களோ என்று சில குடும்பங்கள் மருத்துவமனைக்கே வரத் தயங்குகின்றன. பதிவு செய்வது பெற்றோரின் விருப்பம். மதிப்பீட்டுக்கு அது தேவையில்லை.

சுங்கை சிப்புட் மாமா எழுதியது:

மிக்க நன்றி அம்மா. இன்று காலை அரசாங்க கிளினிக்கில் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட்டோம். சைக்கிளைப் பழுது பார்த்த அன்று அவன் சொன்னதையும் பள்ளியில் நின்றுவிடும் இடங்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரப்பர் காட்டில் இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர். “நான் பேசுவதை நிறுத்தச் சொன்னவர்கள் யார்?” என்று மட்டும் கேட்டார். இப்போது வாசலில் உட்கார்ந்து அவனோடு கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். “காம்பு பாட்டி” என்று அவன் நீட்ட, “ஆமாம், காம்பைப் பாட்டிக்குக் கொடுத்தாய்” என்று அவர் வாங்கிக்கொள்வது இங்கே வரை கேட்கிறது.