புதுப்பிப்பு: சின்ன வீடியோ திரை கிடைத்துவிட்டது

ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கணினி போர்டில் பழைய கேம்கள் ஓட்ட, கையடக்கமான திரை மலிவாக எது கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் ஐஎல்ஐ9341 சிப் உள்ள எஸ்பிஐ திரையைச் சொன்னீர்கள் (எஸ்பிஐ என்பது தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு). விலை குறைவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 320×240 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட். ஒரு ஃப்ரேமுக்கே, அதாவது ஒரு முழுப் படத்துக்கே, 12,28,800 பிட். எஸ்பிஐ 32 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு 26 ஃப்ரேமைத் தாண்டாது. கடிகாரம், வெப்பமானிக்குப் போதும். ஓடிக் குதிக்கிற கேமுக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் வாங்கியது, காரில் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கும் 4.3 அங்குல மானிட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள், பேரம் உங்கள் சாமர்த்தியம். பை ஸீரோ போர்டில் 'டிவி' என்று அச்சிட்ட இரண்டு துளைகள் இருக்கும், அதில் காம்போசிட் வீடியோ, அதாவது பழைய டிவிக்குப் போகும் அனலாக் சிக்னல், வருகிறது. ஆர்சிஏ கேபிளின் (பழைய டிவி, டிவிடி பிளேயரில் செருகும் கேபிள்) நடுக்கம்பியை ஒன்றிலும், கிரவுண்டை மற்றதிலும் பற்றவைத்தேன், படம் வந்துவிட்டது. ஸீரோ 2-இல் இந்தத் துளைகள் கிடையாது. போர்டின் அடிப்பக்கத்து டெஸ்ட் பேடில் (சோதனைக்கான சின்ன உலோகப் புள்ளி)தான் பற்றவைக்க வேண்டும்.

மானிட்டர் 12 வோல்ட் கேட்கும், பை 5 வோல்ட். ஒரே 12 வோல்ட் அடாப்டரிலிருந்து பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் சின்ன போர்டு) போட்டு பைக்கு 5 வோல்ட்டாக இறக்கிக்கொண்டேன். இணைக்கும் முன் மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேம் அருமையாக ஓடுகிறது. டெர்மினல் எழுத்துகள் மட்டும் மங்கல்தான், காம்போசிட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அப்புறம், ஒலிக்குத் தனி ஏற்பாடு வேண்டும், அந்தக் கேபிளில் படம் மட்டும்தான்.